பதினொன்றாவது வரி

பக்கிரிசாமி கொடுத்தது ஒரே மேட்டர்,
இரண்டு ஆர்டர்.
தோசைக்கல் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள்.
கப்பலேறுவதற்கு இரண்டாயிரம்,
கும்பகோணம் மன்னார்குடி பட்டுக்கோட்டைக்கு இருபதாயிரம்.

"கப்பல் தாள்ல பதினொண்ணாவது வரி வரணும்மா.
அங்க சட்டம் போட்டுட்டான்,
பூச்சுல என்ன கலந்தோம்னு சொல்லாம விக்க முடியாது."
நம்ம ஊருக்கு?
"நம்ம ஊருக்குப் பத்து வரி போதும்."

கோரல்டிராவில் அது சுலபம்.
ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண்.
தட்டினால் மூடிக்கொள்ளும்.
வரி கோப்பில் அப்படியே இருக்கும்,
தாளில் மட்டும் இராது.

மத்தியானம் வரை கல்யாணப் பத்திரிகை.
மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் சிரஞ்சீவி சிரஞ்சீவி என்று
இந்த ஆவணிக்கு மட்டும் நாற்பத்தாறு பேரைச்
சாகாதவர்களாக்கியிருக்கிறேன்.
அதே கையோடு
பதினொன்றாவது வரியைத் தமிழிலும் அடித்துப் பார்த்தேன்,
யாரும் கேட்காமல்.
வெயிலில் சிதையாது, மண்ணில் மக்காது,
ரத்தத்தில் ஏறினால் இறங்க வருடங்கள் ஆகும்.
அதன் பெயருக்கு முன்னால் போட
ஒரே ஒரு சொல்தான் பொருந்தியது.
அடித்தேன். சிரிப்பு வந்தது.
எடுத்துவிட்டு
'அழியாத' என்று வைத்தேன்.

பின்ஜன்னலுக்குக் கீழே அரசலாறு.
ஆற்றுக்குத் தேதி உண்டு.
மேட்டூரில் எந்த நாள் திறப்பு, எந்த நாள் அடைப்பு,
எத்தனை கன அடி, யாருடைய முறை,
எல்லாம் பேப்பரில் வந்துவிடும்.
அப்படியும் கடைமடைக்காரன் கையெழுத்துப் போட்டு
மனு கொடுத்துக் காத்திருப்பான்.
பூச்சுக் கொட்டகைக் குழாயிலிருந்து
வாய்க்காலில் விழுகிற நுரைக்கு முறை கிடையாது.
அது மட்டும்
கடைமடைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது.

என் வீட்டிலும் அதே கல்தான்.
போன தீபாவளிக்குப் பக்கிரிசாமி
அச்சகத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்.
நடுவில் ஒரு ரூபாய் அகலம் உரிந்திருக்கிறது.
உரிந்தது எங்கே போயிற்று என்று
நான் கேட்டதில்லை.
தோசை ஒட்டாமல் வந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் மெஷின் ஓடியது.
ஐந்நூறு தாள் விழுந்த பிறகு
முதலாளி உமாபதி ஒன்றை உருவி
விரல் வைத்து எண்ணினார்.
பதினொன்று.
"கண்ண மூடலையா?"
"மறந்துட்டேன் சார்."
பத்தொன்பது வருடத்தில்
நான் ஒரு கால்புள்ளியை மறந்ததில்லை.
அது அவருக்கும் தெரியும்.
மெஷினை நிறுத்தினார்.
கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் சுற்றியது.
"சம்பளத்துல பிடிப்பேன்" என்றார்,
புது பிளேட் போடச் சொன்னார்.

இருபதாயிரமும் பத்து வரியோடு
டெம்போவில் ஏறிப் போயின.
பாழான ஐந்நூறு மட்டும்
வழக்கம்போல எடைக்கு,
மகாமகக் குளக்கரை பஜ்ஜிக் கடைக்கு.

மூன்றாம் நாள் அங்கே டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.
மினி பஸ் கண்டக்டர் ஒருவர்
வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுவிட்டுத்
தாளைக் கசக்கப் போனவர் நின்றார்.
எண்ணெய் ஊறிக் கண்ணாடியாகிப் போன இடத்தை
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாசித்தார்.
"இது எந்தக் கல்லுக்குய்யா?"
"எனக்கென்ன தெரியும்? தாள்தானே."
அவர் திரும்பவும் வாசித்தார்,
இந்த முறை உதடு அசைய.
வண்டி ஹாரன் அடித்தது.
மடித்து டிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்.
எண்ணெய் இறங்கி டிக்கெட்டெல்லாம் வீணாகும்,
சொல்லலாமா என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.